டர்போ பெற்றோல் கார்களின் அறுபதாண்டுக் கதை

2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த நாளிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி அரசியலைப் பற்றியதல்ல. "டர்போ கார் வாங்கலாமோ? நிண்டு பிடிக்குமோ?" என்பதுதான் அது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதில் ஒருவகை மகிழ்ச்சி எனக்கு உண்டு. கலைப்பீடத்தில் வரலாறு படித்தவன் என்பதால் இயந்திரவியலை விட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கு வரலாற்றின் வழியாகவே பதில் தேடினேன். தேடப் போன இடத்தில் கிடைத்தது நான் எதிர்பார்த்ததைவிடச் சுவையான கதை.

கேள்வி ஏன் இப்போது எழுகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. இலங்கையில் பெற்றோல் காரின் உற்பத்தி வரி இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 1,000 கன சென்றிமீற்றருக்குள் இயந்திரம் அடங்கினால் வாங்குபவருக்குப் பெரும் இலாபம். ஆனால் அந்தச் சிறிய இயந்திரம் நான்கு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறவும் வேண்டும். ஜப்பானியரும் ஐரோப்பியரும் இதற்குக் கண்ட வழி டர்போ. 996 கன சென்றிமீற்றர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட டொயோட்டா ரெய்ஸ் இயந்திரம் டர்போவின் துணையுடன் 98 குதிரைவலுவைத் தருகிறது. முன்பு 1,300 அல்லது 1,500 கொள்ளளவு இயந்திரங்கள் செய்த வேலையை இன்று ஒரு லீற்றர் செய்கிறது. இதனால் இயந்திரத்தின் ஆயுள் குறையாதா என்பதுதான் எல்லோரது உள்ளத்திலும் உள்ள ஐயம்.

இந்த ஐயம் முதன்முதலாக எழுந்தது 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில். அன்று அதற்குக் கிடைத்த பதில், கொஞ்சமும் தயக்கமின்றி, "நிலைக்காது" என்பதே. அந்தப் பதில் எப்படி மெல்ல மெல்ல மாறியது, முழுவதும் மாறிவிட்டதா என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு பெற்றோல் சரியாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோலை வேண்டியளவு ஊற்றலாம். காற்றைத்தான் ஊற்ற முடியாது. இயந்திரம் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. மறுபுறத்தில், எரிந்து வெளியேறும் புகையோடு எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்கு வரை வீணே போகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டினால், புகை ஒன்றைச் சுழற்ற மற்றது காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் திணிக்கும். டர்போ என்பது இவ்வளவே.

சுவிற்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்த அல்பிரட் பூக்கி என்ற பொறியியலாளர் இந்த எண்ணத்துக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அது பயன்தர இருபது ஆண்டுகள் சென்றன. 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் பூக்கியின் முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைவலு 2,500 ஆக உயர்ந்தது. இதற்கிடையில் 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் சான்போர்ட் மொஸ் என்பவர், லிபர்ட்டி என்ற விமான இயந்திரத்தை லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு 14,000 அடி உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குப் போய், மெல்லிய காற்றிலும் அது தன் முழு வலுவைக் காட்டும்படி டர்போவால் செய்து காட்டினார். இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் உயரப் பறந்தது இந்த வழியில்தான்.

கப்பலுக்கும் விமானத்துக்கும் லொறிக்கும் பொருந்திய டர்போ, பெற்றோல் காருக்கு மட்டும் ஏன் நெடுங்காலம் பொருந்தவில்லை? டீசல் இயந்திரம் காற்றை மட்டுமே அமுக்குகிறது. டீசல் பின்னர்தான் உள்ளே தெளிக்கப்படுகிறது. ஆகவே காற்றை எவ்வளவு திணித்தாலும் அது முறைப்பதில்லை. பெற்றோல் இயந்திரம் காற்றையும் பெற்றோலையும் கலந்தே அமுக்கியது. அமுக்க அமுக்கக் கலவை சூடாகும். குறித்த எல்லையைத் தாண்டினால் தீப்பொறியின் முகம் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் "நொக் அடிக்குது" என்கிறார்கள்.

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஒலியை நான் விளக்க வேண்டியதில்லை. பெற்றோல் தடைசெய்யப்பட்ட அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொரிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. ஏற்றம் ஒன்று வந்தால், ஏன், நாலு பேர் ஏறினால்கூட, டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஓர் ஓசை கேட்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட மிகவும் தாழ்ந்தது. அந்தப் பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதமும் தாழ்ந்திருந்ததால்தான் அவை அதைத் தாங்கின. இன்றைய கார் ஒன்றில் அதைச் செய்திருந்தால் ஒரு கிழமைக்குள் பிஸ்டன் உடைந்திருக்கும். டர்போ பெற்றோல் இயந்திரத்தின் முதல் எதிரி அந்தக் கூழாங்கல் ஓசைதான்.

இனி 1962க்கு வருவோம். அந்த ஆண்டின் வசந்த காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸின் இரண்டு பிரிவுகள் சில வார இடைவெளியில் இரண்டு டர்போ கார்களை வெளியிட்டன. ஒன்று செவ்ரலே கோர்வயர் மொன்சா ஸ்பைடர். மற்றது ஒல்ட்ஸ்மொபில் ஜெட்பயர். எது முதலாவது என்று கார்ப்பித்தர்கள் இன்றும் சச்சரவிடுகிறார்கள். அதில் நமக்கு அக்கறையில்லை. இரண்டும் ஒரே எதிரியை இரண்டு விதமாக எதிர்கொண்டன என்பதே முக்கியம்.

கோர்வயரின் பொறியியலாளர்கள் எளிய வழியில் போனார்கள். பின்புறத்தில் அமைந்த, காற்றால் குளிரூட்டப்படும் ஆறு சிலிண்டர் இயந்திரத்தின் அமுக்க விகிதத்தை 8:1 ஆகக் குறைத்தார்கள். டர்போவின் அழுத்தம் மிஞ்சிப் போகாமல் தடுப்பதற்கு வால்வு எதுவும் வைக்கவில்லை. சைலன்சரின் இறுக்கமே புகையை மறித்து டர்போவை அடக்கியது. முரட்டு வழிதான். ஆனால் உடைவதற்கு அதில் அதிகம் இல்லை. 150 குதிரைவலுவில் தொடங்கிய கோர்வயர் டர்போ, 1965இல் 180ஐ எட்டி, 1966 வரை விற்பனையில் இருந்தது.

ஒல்ட்ஸ்மொபில்காரர்களின் ஆசை பெரியது. அவர்களது அலுமினிய வி-8 இயந்திரம் 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லீற்றர். அதிலிருந்து 215 குதிரைவலு வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்பது அன்று பெரிய விளம்பரம். அமுக்க விகிதத்தைக் குறைத்தால் டர்போ வேலைசெய்யாத மெதுவான ஓட்டத்தில் கார் சோம்பலாகிவிடும் என்பதற்காக அதை 10.25:1 என்ற உயரத்திலேயே வைத்தார்கள். அதன்மேல் டர்போ சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அழுத்தத்தைச் சேர்த்தது. நொக் அடிக்காமல் இருக்குமா? அதற்கொரு மருந்து கண்டார்கள். வடித்த நீரும் மெதனோலும் சரிபாதியாகக் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பி, டர்போ வேலைசெய்யும்போதெல்லாம் கலவையோடு சிறிது சிறிதாகத் தெளிக்க விட்டார்கள். திரவம் ஆவியாகும்போது சூட்டைக் குடித்துவிடும். போர் விமானங்களில் பார்த்துப் பழகிய தந்திரம் அது. அந்தத் திரவத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் "டர்போ ரொக்கெட் புளூயிட்".

விண்வெளிப் போட்டி நடந்துகொண்டிருந்த காலத்தில் இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. ஆனால் பெயர் எதுவானாலும் அதை நிரப்ப வேண்டியவர் காரின் சொந்தக்காரர். பெற்றோல் நிரப்புவார், ஒயில் மாற்றுவார், றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவார். நான்காவதாக ஒரு போத்தலைத் தேடி ஒல்ட்ஸ்மொபில் முகவரிடம் போவாரா? விசைப்பலகையில் எச்சரிக்கை விளக்கு இருந்தது. திரவம் தீர்ந்தால் இயந்திரம் உடையாமலிருக்க அழுத்தத்தைத் தானாகவே குறைக்கும் தடுப்பும் இருந்தது. பொறியியலாளர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். ஆனால் தொட்டி வெறுமையான நாள் முதல் கார் வலுவிழந்து, சொந்தக்காரரின் கண்ணில் அது பழுதான கார் ஆகிவிட்டது. அழுத்தத்தோடு இயங்கிய குழாய்களும் தடுக்கிதழ்களும் தம் பங்குக்குத் தொல்லை கொடுத்தன.

இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் குறைவான ஜெட்பயர்களே விற்பனையாகின. 1963உடன் அது நின்றுபோயிற்று. 1965இல் நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது: காரைக் கொண்டுவந்தால் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபரேற்றரைப் பூட்டித் தருவோம். பலர் கொண்டுபோனார்கள். உலகின் முதல் டர்போ பெற்றோல் கார்களில் பெரும்பகுதி டர்போ இல்லாத கார்களாக வாழ்ந்து மடிந்தது இப்படித்தான். இத்தனைக்கும் அந்த அலுமினிய இயந்திரம் கெட்டதல்ல. அதன் உடன்பிறப்பான பியூக் இயந்திரத்தின் உரிமையை பிரித்தானிய ரோவர் கொம்பனி வாங்கி, 1970இல் ரேஞ்ச் ரோவரில் பொருத்தியது. அந்த வம்சம் பிரித்தானியாவில் பல தசாப்தங்கள் ஓடியது.

ஜெட்பயரின் தோல்வியை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தின் பாதுகாப்பை மனிதனின் ஞாபகசக்தியிடம் ஒப்படைத்த முதல் டர்போ அது. அதற்குப் பின் வந்த அறுபது ஆண்டுகளில், அந்தப் பொறுப்பை மனிதனிடமிருந்து இயந்திரத்துக்கு மாற்றும் முயற்சி தொடர்ந்து நடந்தது. ஒன்றைத் தவிர மற்றெல்லாம் மாற்றப்பட்டுவிட்டன. அந்த ஒன்றுக்குப் பின்னர் வருகிறேன்.

இடைக்காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1973இல் பிராங்போர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. தனது 2002 டர்போவைக் காட்டியது. 170 குதிரைவலு. முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் வாசித்து வழிவிடுவதற்காக "டர்போ" என்ற சொல்லைக் காரின் முகப்பில் இடவலம் மாற்றி எழுதியிருந்தார்கள். அடுத்த மாதமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1,672 கார்களுடன் கதை முடிந்தது. போர்ஷ 911 டர்போ 1974இல் 260 குதிரைவலுவுடன் வந்து நிலைபெற்றது. ஆனால் அது செல்வந்தரின் விளையாட்டுப் பொருள். 1977இல் ரெனோல்ட் நிறுவனம் ஒன்றரை லீற்றர் டர்போவுடன் போர்முலா வண் பந்தயத்தில் இறங்கியபோது, அடிக்கடி புகை கக்கி நின்ற அந்த மஞ்சள் காரை "மஞ்சள் தேநீர்க் கேத்தல்" என்று கேலிசெய்தார்கள். 1979 ஜூலையில் பிரான்சின் டிஜோன் நகரில் ஜீன்-பியர் ஜபூய் அதே வண்ணக் காரில் வென்றபோது கேலி அடங்கியது.

ஆனால் குடும்பத்துக்கான டர்போ கார் பந்தயத்திலிருந்து வரவில்லை. அது சுவீடனிலிருந்து வந்தது.

சாப் என்பது அடிப்படையில் விமானம் செய்த கொம்பனி. சிறிய நாட்டில், சிறிய வருமானத்தில், கார்களும் செய்தது. புதிதாக ஆறு சிலிண்டர் இயந்திரமொன்றை உருவாக்கும் பணம் அதனிடம் இல்லை. 1969இல் அது லொறி செய்யும் ஸ்கானியாவோடு இணைந்தது. அதே ஆண்டில் ஸ்கானியா 350 குதிரைவலு கொண்ட 14 லீற்றர் டர்போ டீசல் லொறியை வெளியிட்டிருந்தது. ஆகவே டர்போவைப் பற்றி அறிந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பேர் ஜில்பிரண்ட் என்ற பொறியியலாளரும் அவரது தோழர்களும் இரண்டு லீற்றர் நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலை தொடங்கினார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி மற்றவர்கள் கேட்டதிலிருந்து வேறுபட்டது. உச்ச வேகம் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. இருவழிச் சாலையில் லொறியொன்றை முந்த வேண்டிய சாரதிக்கு, சாதாரண ஓட்டத்திலேயே இழுவிசை கிடைக்குமா என்று கேட்டார்கள். அதற்காகப் பெரிய டர்போவைத் தவிர்த்து, விரைவில் சுழலத் தொடங்கும் சிறிய கரெட் டர்போவைத் தேர்ந்தார்கள். அழுத்தம் 0.7 பாரைத் தொட்டதும் மிகைப் புகையை வேறு வழியால் திருப்பிவிடும் வால்வு ஒன்றை வைத்தார்கள். அமுக்க விகிதம் 7.2:1 ஆகக் குறைக்கப்பட்டது. 1977இல் காட்டப்பட்டு 1978இல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போ 145 குதிரைவலுவைத் தந்தது. அந்த எண் பெரிதல்ல. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற நிதானமான நிலையிலேயே அதன் முழு இழுவிசையும் கிடைத்தது என்பதுதான் பெரிது.

நொக் அடிக்கும் சிக்கலுக்கான உண்மையான விடை 1980இல் வந்தது. இயந்திரத்தின் உடலில் ஒலிவாங்கியைப் போன்ற ஓர் உணரியை சாப் பொருத்தியது. கூழாங்கல் ஓசையின் முதல் அறிகுறியை மனிதக் காதுக்கு முன்பே அது பிடித்துவிடும். உடனே ஒரு மின்வால்வு டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். ஓசை நின்றதும் மீண்டும் கூட்டும். ஏ.பி.சி. என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாடு 1982ஆம் ஆண்டு மாதிரியான சாப் 900 டர்போவில் விற்பனைக்கு வந்தது. நல்ல பெற்றோல் ஊற்றினால் நல்ல வலு. மட்டமான பெற்றோல் ஊற்றினால் வலு சற்றுக் குறையும், அவ்வளவுதான். இயந்திரம் உடையாது. சொந்தக்காரர் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஒல்ட்ஸ்மொபிலின் திரவத் தொட்டி செய்ய முயன்றதை ஓர் உணரியும் ஒரு வால்வும் செய்து முடித்தன. இன்று கொழும்பில் ஒக்டேன் 95 தீர்ந்து 92 மட்டுமே கிடைக்கும் நாளிலும் டர்போ கார்கள் ஓடுகின்றன என்றால் அதற்கு வழிகாட்டியவர்கள் இவர்களே.

இருந்தும் "டர்போ சீக்கிரம் செத்துவிடும்" என்ற பேச்சு ஓயவில்லை. அதை முறியடிக்க 1986 ஒக்ரோபரில் சாப் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டலடேகா பந்தயத் தடத்துக்கு மூன்று சாப் 9000 டர்போ கார்களைக் கொண்டுபோனது. விற்பனைக்கான சாதாரண கார்கள். இரவு பகலாக 20 நாட்கள் ஓட்டினார்கள். எரிபொருள், சாரதி மாற்றம், ஒழுங்கான பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே நிறுத்தினார்கள். மூன்றும் 100,000 கிலோமீற்றரை முடித்தன. வேகமான காரின் சராசரி, நிறுத்திய நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 213.299 கிலோமீற்றர். நம்மில் பலர் ஏழெட்டு ஆண்டுகளில் ஓடும் தூரம் அது.

இந்தச் சாதனையைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அதைத் தெளிவித்தவர் கொழும்பில் முப்பது ஆண்டுகளாகக் கராஜ் நடத்தும் நண்பர். "இருபது நாள் நிப்பாட்டாமல் ஓடுறது லேசு. வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்கு நாளுக்கு நாலு தரம் ஓடிப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார் அவர். அவர் சொன்னதில் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்றுகள், சிறிய டர்போக்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் சுழலும். இந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கணத்தில் அழிந்துவிடும். பெரும்பாலான கார்களில் அச்சு மெல்லிய ஒயில் படலமொன்றின் மீது மிதந்தபடியே சுழல்கிறது. அதன் ஒரு முனையில் 950 பாகை செல்சியசை எட்டும் புகை. மறுமுனையில் குளிர்ந்த காற்று. இடையில் இயந்திரத்தின் அதே ஒயில், உராய்வு நீக்கியாகவும் குளிரூட்டியாகவும் இரட்டை வேலை செய்கிறது. வேகமாக ஓடிவந்து சட்டென்று சாவியைத் திருகி நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஒயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். அந்தக் கரி அடுத்த முறை ஒயில் வரும் சிறு துவாரத்தை அடைக்கும். ஆகவேதான் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஓரிரு நிமிடம் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு நிறுத்தும்படி அந்நாளைய கைநூல்கள் சொல்லின. 1980களில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அமைப்பு பரவிய பின் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. இன்று பல கார்களில் இயந்திரம் நின்ற பிறகும் ஒரு சிறு மின்பம்பி தண்ணீரைச் சுற்றவிடுகிறது. இதுவும் மனிதனிடமிருந்து இயந்திரத்துக்குக் கைமாறிய பொறுப்பு.

கைமாறாமல் நின்றுவிட்ட ஒன்று ஒயில். எந்த உணரியாலும் பழைய ஒயிலைப் புதிய ஒயிலாக்க முடியாது. இதற்கான விலையைக் கொடுத்தவர்களில் சாப் நிறுவனமும் அடங்கும் என்பதுதான் இக்கதையின் கசப்பான பகுதி. 1990களின் இறுதியில் வந்த 9-5, 9-3 கார்களில், புகையைச் சுத்திகரிக்கும் சூடான வினையூக்கி ஒயில் தட்டுக்கு அருகில் அமைந்தது. இயந்திரத்துக்குள்ளிருந்து ஆவியை வெளியேற்றும் குழாய்களும் போதுமானவையாக இருக்கவில்லை. போதாததற்கு ஒயில் மாற்றும் இடைவெளியை நீட்டினார்கள், அதுதான் அன்றைய விற்பனைக் கவர்ச்சி. குறுந்தூரம் ஓடிய கார்களில் ஒயில் கறுத்துக் கட்டியாகி, உறிஞ்சு குழாயின் வலையை அடைத்தது. ஒயில் வராத இயந்திரம் தாங்கிகளைத் தின்றது. நிறுவனம் பின்னர் இதற்கான உத்தரவாதத்தை எட்டு ஆண்டுகளாக நீட்டியது. அதே காலத்தில் வொக்ஸ்வாகன், அவுடி 1.8 லீற்றர் டர்போ இயந்திரங்களிலும் இதே கறுப்புப் படிவு வந்து, அமெரிக்காவில் வழக்காகி, எட்டு ஆண்டு உத்தரவாதத்தில் முடிந்தது. சாப் 2011 டிசம்பரில் வங்குரோத்தானதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. ஆனால் டலடேகாவில் சம்பாதித்த நற்பெயரில் ஒரு பகுதி இந்த ஒயில் தட்டுகளில்தான் கரைந்தது என்பது என் எண்ணம்.

2000களின் நடுப்பகுதியிலிருந்து கரியமில வாயுவைக் குறைக்கும் சட்டங்கள் இறுக, ஐரோப்பாவில் இயந்திரங்கள் சிறுத்தன. விளையாட்டுக் கார்களின் அணிகலனாயிருந்த டர்போ, மிச்சம் பிடிக்கும் குடும்பக் கார்களின் அடிப்படை உறுப்பாயிற்று. 2012இல் வந்த போர்ட் நிறுவனத்தின் ஒரு லீற்றர் இக்கோபூஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று சிலிண்டர், 999 கன சென்றிமீற்றர், 125 குதிரைவலு. அதன் அடிப்பாகம் ஏ-4 தாள் ஒன்றின் பரப்புக்குள் அடங்கும் என்று பெருமையாகக் காட்டினார்கள். சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த இயந்திரம் என்ற விருது 2012, 2013, 2014 என மூன்று முறை தொடர்ந்து அதற்குக் கிடைத்தது.

விருது கொடுத்தவர்கள் பத்தாண்டு கழித்துப் பார்க்கவில்லை. அந்த இயந்திரத்தின் நேரப்பட்டி ஒயிலுக்குள் நனைந்தபடி ஓடும் வகையைச் சேர்ந்தது. சத்தமும் உராய்வும் குறையும் என்பது நோக்கம். குறித்த தரத்துக்கு மாறான ஒயிலை ஊற்றினாலோ, பழைய ஒயிலோடு நெடுநாள் ஓடினாலோ, பட்டியின் இறப்பர் உதிர்ந்து தூளாகி உறிஞ்சு வலையை அடைக்கிறது. சாப்பில் கறுப்புப் படிவு செய்ததை இங்கே இறப்பர்த் தூள் செய்கிறது. பின்னர் வந்த இயந்திரங்களில் நேரப்பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி வந்தது. ஒயில் பம்பியை இயக்கும் பட்டி மட்டும் தொடர்ந்தது. அந்தப் பட்டியின் இறுக்கியில் ஏற்பட்ட குறையினால் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 140,000 போர்ட் கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. அவற்றில் அடங்கிய இக்கோஸ்போர்ட் கார்கள் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் பொருத்தப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவை. அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் போர்ட் அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை பரவியபோது அந்தப் பழைய எதிரியும் வேறு உருவத்தில் திரும்பினான். மெதுவான சுற்றில் காலை அழுத்தி இழுக்கும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிறது. சிலிண்டர்ச் சுவரில் ஒதுங்கிய ஒயில் துளியே திரியாகிவிடுகிறது. ஒரே வெடிப்பில் பிஸ்டன் உடையக்கூடும். உணரி கேட்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆராய்ந்து பார்த்தபோது ஒயிலில் கழுவுபொருளாகச் சேர்க்கப்பட்ட கல்சியம் இதைத் தூண்டுவதும், அதில் ஒரு பகுதிக்கு மக்னீசியத்தைப் பயன்படுத்தினால் குறைவதும் தெரியவந்தது. இதற்காகவே 2018இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020இல் எஸ்.பி. என்ற புதிய ஒயில் தரங்கள் வகுக்கப்பட்டன. ஒயில் கலனின் பின்புறத்து வட்டத்துக்குள் "எஸ்.பி." என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது சிறிய டர்போ வைத்திருப்பவருக்குச் சடங்கல்ல, தேவை.

இப்போது முதற்கேள்விக்கு வரலாம். வாங்கலாம் என்பதே என் பதில், ஆனால் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு. டொயோட்டா தன் சொந்த நாட்டு வாடிக்கையாளருக்குச் சொல்லும் கணக்கு இது: டர்போ இல்லாத பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை ஒயில் மாற்றம், டர்போ காருக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். நெரிசல், குறுந்தூரம், மலைப்பாதை போன்ற கடின பாவனையில் டர்போவுக்கு அதுவும் பாதியாகி 2,500 கிலோமீற்றர் அல்லது மூன்று மாதமாகிறது. கொழும்பின் காலி வீதியும் கண்டி ஏற்றமும் எந்த வகையில் சேரும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். வரியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி ஒயிலுக்குப் போகும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நல்லது.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த காரின் ஏலத் தாள் ஓடிய தூரத்தைச் சொல்லும். ஒயில் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதைச் சொல்லாது. பராமரிப்புப் பதிவேடு கூடவே வந்திருந்தால் அதை மொழிபெயர்த்துப் பார்ப்பது பயன்தரும். வராவிட்டால் கராஜ் நண்பரின் வழிதான்: ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்புறத்தையும், வெளிச்சம் பிடித்து உள்ளே தெரியும் உலோகத்தையும் பார்ப்பார். தேன் நிறமென்றால் மேலே பேசுவார். கறுத்துத் தார் போலிருந்தால் மூடியைத் திருகிவிட்டு வந்துவிடுவார். பஞ்சிகாவத்தையில் இன்று சிறிய டர்போக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பழுதானதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது அரைநாள் வேலை. ஆனால் ஒயில் வரும் மெல்லிய குழாயை மாற்றாமலும், தட்டைக் கழற்றி உறிஞ்சு வலையைக் கழுவாமலும் புதியதைப் பூட்டித் தருவதற்கு அவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் சம்மதிப்பதில்லை. முதலாவது டர்போவைக் கொன்ற அதே அடைப்பு இரண்டாவதுக்காகவும் அங்கே காத்திருக்கும் என்கிறார்.